எம்.எல்.ஏ.விடம் சங்கம் கொடுக்கும் மனுவுக்குப் பலன் உண்டா?

சங்கத்துக்காரர்கள் சால்வையும் மனுவுமாக எம்.எல்.ஏ.வைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்களே, அதனால் தொழிலாளிக்கு ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜவுளிக்கடையில் 11 வருடம் சேலை மடித்துப் போட்டுவிட்டு, இப்போது சங்க வேலை பார்க்கிறவள் நான். போட்டோவோடு முடிந்துபோன மனுக்களில் என் கையெழுத்தும் உண்டு.

முதல் தடவை போனபோது 4 பக்கத்தில் 14 கோரிக்கைகள். போனஸ், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று எதையும் விடவில்லை. வாங்கியவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் உதவியாளரிடம் நீட்டினார். சில மாதம் கழித்து துறையிலிருந்து ஒரு கடிதம்: 'பரிசீலனையில் உள்ளது'. எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். "பதினாலையும் அவர் என்னம்மா செய்வார்? சபையில் எழுந்தால் ரெண்டு நிமிஷம் கிடைக்கும். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு ஆகிறதைக் கொடு."

2019இல் ஒரே பக்கத்தோடு போனோம். ஒரே கோரிக்கை: கடையில் உட்கார நாற்காலி. பக்கத்துக் கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018இல் அதைச் சட்டமாகவே வாங்கியிருந்தார்கள். "அங்கே செய்துவிட்டார்களா?" என்று எம்.எல்.ஏ. முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார். பட்டுப் பிரிவில் நிற்கும் அக்கா ஒருவர், பேச வராதவர், சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தது. "காலையில் ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் சார் உட்காருவேன், அதுவும் பஸ்ஸில் இடம் கிடைத்தால்." அந்த வரியைத்தான் அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார், நாங்கள் டைப் அடித்துக் கொண்டுபோனதை இல்லை.

2021 செப்டம்பரில், 1947ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவைச் சேர்த்து, உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. எங்கள் மனுவால் வந்தது என்று சொன்னால் பச்சைப் பொய். எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் கேட்டார்கள். அதில் நாங்களும் ஒரு கை.

நேரமும் முக்கியம். தொழிலாளர் நலத்துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை பேரவையில் விவாதத்துக்கு வருவதற்கு முன்பே விவரம் உறுப்பினர் கையில் இருக்கவேண்டும். விவாதம் முடிந்து கொடுத்தால் அடுத்த வருடம்தான். இன்னொன்று, ஆளுங்கட்சி உறுப்பினரை மட்டும் பார்ப்பது வீண். எதிர்க்கட்சி, கூட்டணிக் கட்சி எல்லாரையும் பாருங்கள்.

கூட்டணி என்றதும் 2023 ஏப்ரல் ஞாபகம் வருகிறது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 21ஆம் தேதி பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான், அது மாறாது என்றது அரசு. கூட்டணிக் கட்சி உறுப்பினர்களே வெளிநடப்பு செய்தார்கள். அப்போது ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க.வின் சொந்தச் சங்கமான தொ.மு.ச.வும் (தொழிலாளர் முன்னேற்றச் சங்கம்) எதிர்த்தது. 24ஆம் தேதி அமைச்சர்கள் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள், அன்றைக்கே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதை வாபஸ் பெற்றுவிட்டதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். மனு மட்டும் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். வெளியே வேலைநிறுத்த அறிவிப்பு இருந்தது. ஆனால் உள்ளே எழுந்து நிற்க ஆள் இல்லாமல் வெளியே மட்டும் கத்தியிருந்தால் பத்து நாளில் முடிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

சரி, சட்டம் வந்ததே, உட்கார முடிகிறதா? போன மாதம் ஒரு கடைக்குப் போனேன். பட்டுப் பிரிவில் 2 ஸ்டூல் புதிதாக, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. இரண்டின் மேலும் ஜாக்கெட் துணிக் கட்டுகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்தத் தடவை மனு தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு. எம்.எல்.ஏ.வுக்கு ஒரு நகல்.