என்.பி.ஏ. கோப்பைகளும் எம்.வி.பி. விருதும்: கேள்வி பதில்

கேள்வி: வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அதிகக் கோப்பை வென்ற அணி எது?

பதில்: பாஸ்டன் செல்டிக்ஸ், 18. அடுத்து லேக்கர்ஸ், 17. லேக்கர்ஸின் முதல் 5 கோப்பைகள் அந்த அணி மினியாபொலிஸில் இருந்தபோது வந்தவை.

கேள்வி: 1961–62 சீசனில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார். ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளி, ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (அணிக்காரர் கூடை போட உதவும் பாஸ்) மூன்றிலும் சராசரி பத்தைத் தாண்டினார். சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதோ செல்டிக்ஸின் பில் ரஸ்ஸலுக்கு. அநியாயம் இல்லையா?

பதில்: முதலில் ஓட்டுப் போட்டது யார் என்று பாருங்கள். 1955–56இல் விருது தொடங்கியதிலிருந்து 1979–80 வரை ஆட்டக்காரர்களே வாக்களித்தார்கள். அதற்குப் பிறகுதான் அது பத்திரிகையாளர்கள் கைக்குப் போனது. 1962இல் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த சீசனின் முதல் அணியில் (சிறந்த ஐவர் பட்டியல்) சென்டர், அதாவது கூடைக்கு அருகில் ஆடுபவர், இடம் வில்ட்டுக்கு. ரஸ்ஸல் இரண்டாம் அணியில். இரண்டாம் அணியில் இருந்தவர்தான் அந்த ஆண்டு எம்.வி.பி.! 1958, 1961 ஆண்டுகளிலும் இதே கதைதான்.

கூடைக்கு அடியில் ரஸ்ஸலைத் தாண்டிப் பந்து போட வேண்டியிருந்த ஆட்டக்காரர்களின் கணக்கு வேறு. அவர் எதிராளியின் ஷாட்டைத் தடுக்கும்போது பந்தைப் பார்வையாளர் பக்கம் அறைந்து விரட்ட மாட்டார். தன் அணிக்காரர் கைக்கு எட்டும்படி தட்டிவிடுவார். பிடித்தவர் அடுத்த நொடியே எதிர்க்கூடையை நோக்கி ஓடுவார். அந்த சீசனில் செல்டிக்ஸ் 80 ஆட்டங்களில் 60 வென்றது; வில்ட்டின் வாரியர்ஸ் 49.

கேள்வி: எண்கள் பொய் சொல்லாது ஐயா. 50.4 என்றால் 50.4தான்.

பதில்: எண்ணாமல் விட்டதை அந்த எண்கள் எப்படிச் சொல்லும்? பிளாக், அதாவது தடுத்த ஷாட்டுகளின் கணக்கு என்.பி.ஏ.வில் தொடங்கியதே 1973–74இல். ரஸ்ஸல் 1969இல் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் ஆட்டத்தின் உயிர்நாடிக்கு ஏட்டில் பதிவே இல்லை. வில்ட்டின் சாதனையை நான் குறைக்கவில்லை. முதல் சீசனிலேயே எம்.வி.பி. ஆனவர், மொத்தம் 4 முறை வாங்கியவர்.

கேள்வி: கோப்பை வென்றதால்தானே ரஸ்ஸலுக்குக் கொடுத்தார்கள்?

பதில்: இல்லை. எம்.வி.பி. வழக்கமான சீசனுக்கு உரியது. அதன்பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்கள் அதில் சேராது. எத்தனை முறை சொன்னாலும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கோப்பைதான் அளவுகோல் என்றால் 11 கோப்பை வென்ற ரஸ்ஸலுக்கு 11 விருது வந்திருக்க வேண்டும். வந்தது 5.

கேள்வி: ரஸ்ஸல் எத்தனை முறை ஃபைனல்ஸ் எம்.வி.பி.?

பதில்: ஒரு முறைகூட இல்லை. அது இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தனி விருது, தொடங்கியது 1969இல். அதுவே அவருடைய கடைசி சீசன். 2009 முதல் அந்த விருது அவர் பெயரிலேயே வழங்கப்படுகிறது.

கேள்வி: தோற்ற அணிக்காரருக்கு ஃபைனல்ஸ் எம்.வி.பி. கிடைத்ததுண்டா?

பதில்: ஒரே ஒருவருக்கு, அதுவும் 1969இல். லேக்கர்ஸின் ஜெர்ரி வெஸ்ட். செல்டிக்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் 7ஆவது ஆட்டத்தில் 42 புள்ளி, 13 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். லேக்கர்ஸின் வெற்றி விழாவுக்கென்று அவர்கள் அரங்கின் கூரையில் பலூன்களை முன்கூட்டியே கட்டி வைத்திருந்தார்கள். செல்டிக்ஸ் 108–106 என்று வென்றது. பலூன்கள் கூரையிலேயே நின்றன.

கேள்வி: யார் பெரிய ஆட்டக்காரர், மைக்கேல் ஜோர்டானா, லெப்ரான் ஜேம்ஸா?

பதில்: அந்தச் சண்டை இங்கே வேண்டாம். எம்.வி.பி. ஜோர்டானுக்கு 5, லெப்ரானுக்கு 4. எல்லாரையும்விட அதிகம் கரீம் அப்துல் ஜப்பாருக்கு, 6.

கேள்வி: 1962இல் வில்ட்டுக்கு ஏன் கொடுக்கவில்லை?

பதில்: மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆட்டக்காரர்களிடமே வாக்கைத் திருப்பித் தர வேண்டும் போலிருக்கிறதே?

பதில்: பாதியாவது தர வேண்டும். இப்போது பத்திரிகை, ஒளிபரப்புத் துறையினர் ஐந்து பேரை வரிசைப்படுத்துகிறார்கள். 10, 7, 5, 3, 1 என்று புள்ளி. 2023–24 முதல் 65 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு தடுப்பாட்டக்காரர் எதிரணியை எவ்வளவு முடக்கினார் என்பதை அவரிடம் மாட்டிக்கொண்டவர்களிடம்தான் கேட்க வேண்டும்.