மாரி மழைக்குள்ள நத்தார் லைட்: வாசகர் கேள்வி, பதில்

இந்த முறை வந்த கேள்வியில பாதிக்கு மேல நத்தார் லைட் பத்தித்தான். அதனால தண்ணி மோட்டர், ஃபேன் எண்டு கேட்டு எழுதின ஆக்கள் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க, உங்கட கேள்வியெல்லாம் பத்திரமா இரிக்கு.

கேள்வி: அண்ணன், எங்கட வீடு கடலுக்குக் கிட்ட. இந்த வருசம் கேற், மதில், முன்னுக்கு நிக்கிற மாமரம் எல்லாத்துக்கும் லைட் போடோணும் எண்டு பிள்ளைகள் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. கடையில 100 பல்ப் மாலை மலிவா இரிக்கு. ஒரே மாதிரி வாங்கி உள்ளுக்கும் வெளியிலயும் போடலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: ஒரே மாதிரி வாங்காதீங்க தங்கச்சி. உள்ளுக்குப் போடுற மாலை வேற, வெளிய போடுற மாலை வேற. பெட்டியில பனி கொட்டுற படம் போட்டிரிக்கும், ஆனா எங்கட ஊரில நத்தார் வாறது மாரிக்கு நடுவில. நவம்பர்ல துவங்கினா தை வரைக்கும் மழை, அதோட உங்களுக்குக் கடல்காத்து வேற. கலர் என்ன, எத்தின பல்ப் எண்டு பாக்க முதல் இந்த மாலை எங்க தொங்கப் போகுது, அங்க எவ்வளவு தண்ணி படும் எண்டதைத்தான் பாக்கோணும்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்க, ஐபி எண்டு எழுதி ரெண்டு இலக்கம் இரிக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. ஐபி 20 எண்டா தண்ணிக்கு ஒரு பாதுகாப்பும் இல்ல, அது வீட்டுக்குள்ள மட்டும்தான். ஐபி 44 எண்டா எந்தப் பக்கத்தால தண்ணி தெறிச்சாலும் தாங்கும், விறாந்தைக்கும் கூரைக் கரைக்கும் காணும். உங்கட கேற்றும் மாமரமும் நேரா மழையில நிக்கிற இடம், அதுக்கு ஐபி 65 பாத்து வாங்குங்க. இலக்கமே இல்லாத பெட்டி எண்டா எவ்வளவு மலிவா இரிந்தாலும் வெளிய போட வேணாம். கடைக்காரர் "மழைக்கு ஒண்டும் செய்யாது" எண்டு சொல்றதுக்கும் பெட்டியில எழுதி இரிக்கிறதுக்கும் மிச்சம் வித்தியாசம்.

நான் இதில இவ்வளவு பிடிவாதமா இரிக்கிறதுக்கு ஒரு காரணம் இரிக்கு. கன வருசத்துக்கு முதல் நானே அவசரத்தில, வீட்டுக்குள்ள வைக்கிற மரத்துக்கு எண்டு வாங்கின மாலையில மிஞ்சினதைக் கொண்டு போய் இரும்புக் கேற்றில சுத்தி விட்டன், ரெண்டு நாள் வடிவா எரிஞ்சிது, மூண்டாம் நாள் பின்னேரம் நல்ல மழை, மழை விட்ட உடன அக்காட மகன் வெறுங்காலோட ஓடிப் போய் கேற்றைப் பிடிச்சான், பிடிச்ச கையோட தூக்கி எறிஞ்ச மாதிரி விழுந்தான். கரண்ட் ஒழுகினாத் தானா வெட்டுற டிரிப் சுவிட்ச் விழுந்ததால பிள்ளை தப்பினான். அண்டைக்கு இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்ல. அந்தச் சின்ன பல்ப்புக்கு ரெண்டு, மூண்டு வோல்ட் போதும், ஆனா நேரா சொக்கட்டில சொருகுற மாலையில 100 பல்ப்பை வரிசையாக் கோர்த்து 230 வோல்ட்டைப் பங்கு போட்டுக் குடுக்கிறாங்க, வயர் எங்க உரிஞ்சி தொட்டாலும் அது வீட்டுக் கரண்ட்தான். சின்ன லைட் தானே எண்டு நினைக்கவே கூடாது.

அதனால வெளிக்கு வாங்கக்குள்ள அடைப்டரோட வாற மாலை வாங்குங்க. அதில வயருக்குள்ள போறது 24, 31 வோல்ட் மாதிரிக் குறைஞ்ச கரண்ட், நனைஞ்ச கை பட்டாலும் பயப்பிடத் தேவல்ல. ஆனா மாலை 65 எண்டா அடைப்டரும் 65 எண்டில்ல, அதை விறாந்தைக்குள்ள, தண்ணி படாத உயரத்தில வைங்க. வெளியில இரிந்து சொக்கட்டுக்கு வாற வயரை நேரா இறக்கிச் சொருகாம, சொக்கட்டுக்குக் கீழால ஒருக்காத் தொங்க விட்டு மறுகா மேல ஏத்திச் சொருகுங்க, வயர் வழிய வாற தண்ணி அந்தத் தொங்கல்ல சொட்டிப் போயிடும். மாலைட மற்ற நுனியில இன்னொரு மாலை கொழுவுற வாய் இரிந்தா அதுக்குரிய மூடியைப் போட்டு இறுக்குங்க. மரத்தில ஆணி அடிச்சுக் கட்ட வேணாம், கறுப்பு நிறக் கேபிள் டை போதும், அதையும் வயர் நசியாமக் கொஞ்சம் இளக்கமாப் போடுங்க. எல்லாத்துக்கும் முதல் மெயின் போர்டில டிரிப் சுவிட்சில இரிக்கிற டெஸ்ட் பட்டனை ஒருக்கா அமத்திப் பாருங்க, டக்கெண்டு விழோணும். விழல்லயெண்டா லைட் வாங்கிற காசில முதல் அதை மாத்துங்க தங்கச்சி.

கேள்வி: எனக்கு வெள்ளை லைட் விருப்பம், மனிசிக்கு மஞ்சள் சாயல், பிள்ளைகளுக்கு கலர். எதைப் போடுற?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, நான் மனிசிட பக்கம். பெட்டியில 2700, 3000 எண்டு எழுதி பக்கத்தில கே எண்டு ஒரு எழுத்து இரிந்தா அது விளக்கு வெளிச்சம் மாதிரி இளமஞ்சள், 6000, 6500 எண்டா நீலம் பாய்ஞ்ச வெள்ளை. அந்த வெள்ளை எட்டத்தால பாக்க எடுப்பா இரிக்கும், ஆனா ஹோலுக்குள்ள போட்டா ஆஸ்பத்திரி வார்ட்டில இரிக்கிற மாதிரி, முகமெல்லாம் வெளிறித் தெரியும். இன்னொண்டு, மழை விட்ட இரவில ஈசல் பறக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே, நீலம் கூடின வெளிச்சத்துக்குத்தான் பூச்சி கூட வரும், மஞ்சள் சாயலுக்குக் குறைவு. சாப்பாட்டு மேசைக்கு மேல இறகு கொட்டாம இரிக்கிறதும் ஒரு நன்மைதானே. ஹோலுக்கும் விறாந்தைக்கும் இளமஞ்சள், பிள்ளைகள்ட கலர் முழுக்க மரத்துக்கு, வெள்ளை வேணுமெண்டா வெளிய நட்சத்திரக் கூட்டுக்குள்ள ஒரு பல்ப். ஒரே சுவரில மூண்டையும் கலந்தா ஒண்டுமே எடுபடாது.

கேள்வி: பழைய குண்டு பல்ப் மாலை நாலு பரணில கிடக்கு. எறிய மனமில்ல. பாவிச்சா பில் கூடுமா?
– வாசகர், கல்முனை

பதில்: கூடும். அந்தக் காலத்து இழை பல்ப் மாலை 100 பல்ப் எண்டா ஏறக்குறைய 40 வாட்ஸ் எடுக்கும். நாளைக்கு 5 மணித்தியாலம், 25 நாள் எண்டு பாத்தா ஒரு மாலைக்கு 5 யூனிட், நாலுக்கும் 20 யூனிட். அதே அளவு எல்இடி மாலை 6 வாட்ஸ் எண்டு வச்சா நாலுக்கும் சேத்தே 3 யூனிட்தான் வருது. எங்கட பில் கட்டம் கட்டமாக் கூடுற பில், 90க்குள்ள நிண்டு வந்த வீடு அந்த 20ஆல அடுத்த கட்டத்துக்கு ஏறினா அந்த மாசம் கைய கடிக்கும். காசை விட எனக்குச் சூட்டுப் பயம் பெரிசு, அந்தப் பல்ப் சுடும், வயரும் பழசாகி வெடிச்சிரிக்கும். அப்பாட நினைவா வச்சிரிந்தா வச்சிரிங்க, எரிக்காதீங்க.

கேள்வி: கரண்டே வேணாமெண்டு சோலார் மாலை வாங்கினா என்ன?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: சித்திரையில எண்டா ஓம் எண்டு சொல்லுவன். மார்கழியில மூண்டு நாளா வெயிலே காணாத ஊரில அந்தச் சின்னத் தகடு எதைச் சேமிக்கிற? அந்தியில எரிஞ்சி எட்டு மணிக்கு முதல் மங்கிடும். வளவுக்குள்ள வயர் இழுக்கவே ஏலாத மூலைக்கு மட்டும் போடுங்க.

கேள்வி: தம்பி, நான் ஒவ்வொரு வருசமும் வைக்கல் போட்டுப் பாலன் குடில் கட்டுறன், பக்கத்தில சவுக்குக் கொப்பு ஒண்டை வெட்டி வந்து மரமா நட்டு வைக்கிற. முந்தி மெழுகுதிரி வச்சம், இப்ப பேரப்பிள்ளைகள் ஓடித் திரியிறதால பயம். என்ன லைட் நல்லம்?
– ஒரு அம்மம்மா, தாண்டவன்வெளி

பதில்: அம்மா, உங்கட கடிதத்தைப் படிக்கக்குள்ள எங்கட அம்மா நெல்லை முளைக்கப் போட்டுக் குடிலச் சுத்திப் பச்சையா வச்சது கண்ணுக்குள்ள வந்திட்டு. மெழுகுதிரிய விட்டது மிச்சம் நல்லம். வைக்கல் எண்டது ஒரு பொறி பட்டாக் காணும், சவுக்குக் கொப்பும் வெட்டி நாலைஞ்சி நாளில காய்ஞ்சி தும்பாகிடும். கொப்பை மணல் வாளியில நட்டு ஒவ்வொரு நாளும் தண்ணி விடுங்க, கடக்கரையில மறிச்சு நிக்கிற சவுக்கில வெட்ட வேணாமெண்டு பிள்ளைகள்ட்டச் சொல்லுங்க, அந்த மரம் அங்க நிக்கோணும்.

குடிலுக்குள்ள, மெல்லிய கம்பியில கோர்த்த எல்இடி லைட் நல்லம், சுடாது, கம்பி வைக்கலுக்குள்ள மறைஞ்சிடும், வெளிச்சம் பாலன்ட முகத்தில மெல்லமா விழும். ஆனா ஒரு கவனம் அம்மா. அதில ரெண்டு வகை இரிக்கு, பேனை பற்றரி போடுறது ஒண்டு, சில்லறைக் காசி மாதிரித் தட்டைப் பற்றரி போடுறது ஒண்டு. தட்டைப் பற்றரி வேணவே வேணாம். சின்னப் பிள்ளை அதை எடுத்து விழுங்கினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள தொண்டைக்குள்ள புண்ணாக்கி எரிச்சிடும். அப்பிடி ஒண்டு நடந்த சந்தேகம் வந்தாலே பாத்துக்கொண்டு இரிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடோணும். பேனை பற்றரி, மூடிக்கு ஸ்குரு போட்ட பெட்டி, அது கேட்டு வாங்குங்க.

கேள்வி: போன வருசம் வாங்கின மாலையில பாதி எரியுது, பாதி எரியல்ல. திருத்தலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நீளமான மாலை பகுதி பகுதியாக் கோர்த்தது, ஒரு பல்ப்பிட கால் அறுந்தா அந்தப் பகுதி முழுக்க அணையும். பிளக்கைக் கழட்டிப்போட்டு எரியாத பக்கத்தில ஒவ்வொரு பல்ப்பாப் பாருங்க, பச்சைப் பாசி மாதிரிப் பிடிச்சிரிந்தா உப்புக் காத்துக்குச் செம்பு அரிச்சது அதுதான். அடைப்டர் மாலை எண்டா அதே கலர், அதே அளவு பல்ப் ஒண்டு மாத்தலாம். நேரா சொக்கட்டில போடுறது எண்டா கைய வைக்காதீங்க, பல்ப்பை வெட்டி எடுத்துப்போட்டு வயரை முறுக்கி விட்டா மிச்சப் பல்ப்புகளுக்கு அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் போகும். இந்த வருசம் கழட்டக்குள்ள ஈரம் துடைச்சி, ஒரு நாள் வீட்டுக்குள்ள காய விட்டு, மட்டையில சுத்தி வைங்க.

கேள்வி: நத்தார் மரத்துக்கு முதல் முதல் கரண்ட் லைட் போட்டது யாரு?
– மாணவி, அம்பாறை

பதில்: மகள், அது எட்வர்ட் ஜோன்சன் எண்டவர், எடிசனோட வேலை செஞ்சவர். 1882ல நியூயோர்க்கில அவர்ட வீட்டு மரத்தில சிவப்பு, வெள்ளை, நீலம் எண்டு 80 பல்ப் போட்டார், மரமும் சுத்திச் சுத்தி நிண்டிரிக்கு.

கேள்வி: அண்ணன், நாங்க நாவலடியில இரிந்து பிறகு இடம் மாறி வந்த ஆக்கள். 2004ல அம்மா ரெண்டு தம்பிமாரைக் கடலுக்குக் குடுத்தவ. நத்தார் வந்தா மின்னுற லைட்டைப் பாக்க அவவால ஏலா, எழும்பி உள்ளுக்குப் போயிடுவா. எண்ட பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியும், ஆனா லைட் வேணும் எண்டுதான் கேக்குறாங்க. என்ன செய்யிற?
– வாசகி, திராய்மடு

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை ரெண்டு மூண்டு தரம் படிச்சன். 25ஆம் திகதி சிரிச்சி இரிந்த வீடுகள் 26 ஞாயிறு காலயில என்ன ஆனது எண்டு எங்கட கரையில சொல்லித் தரத் தேவல்ல. லைட் வேணாமெண்டு சொல்லுறதும் சரியில்ல, அம்மாவப் பழகிக்கச் சொல்லுறதும் சரியில்ல.

நீங்க எழுதினதில மின்னுற எண்ட சொல்லை நான் பிடிச்சிக்கிட்டன். மாலையோட வாற சின்னப் பெட்டியில ஒரு பட்டன் இரிக்கும், எட்டு விதமா எரியும், அமத்தி அமத்திப் போனா கடசியா வாறது மின்னாம அப்பிடியே நிண்டு எரியிறது. அதில விடுங்க. கரண்ட் போய் வந்தா சில மாலை திரும்ப மின்னத் துவங்கும், அதனால வாங்கக்குள்ளயே பெட்டி இல்லாத, நிண்டு எரியிற இளமஞ்சள் மாலை ஒண்டு கேட்டுப் பாருங்க. அம்மா இரிக்கிற ஹோலுக்கு அது மட்டும் போதும். பிள்ளைகள்ட கலர் மாலைய அவங்கட அறை ஜன்னலுக்கு உள்பக்கமாக் கட்டி விடுங்க, ரோட்டால வாற ஆக்களுக்கும் தெரியும், அம்மாட கண்ணுக்கு நேர வராது.

வாங்க முதல் அம்மாட்ட ஒருக்காக் கேளுங்க, கடையில ரெண்டு விதமா எரிய விட்டு போனில வீடியோ எடுத்து வந்து காட்டினாலும் சரி. 25 இரவு படுக்கப் போகக்குள்ள எல்லாத்தையும் நிப்பாட்டி பிளக்கைக் கழட்டி வைங்க, விடியக்காலம் அம்மா தம்பிமார்ட படத்துக்கு முன்னால விளக்குக் கொளுத்தட்டும், பிள்ளைகளையும் பக்கத்தில இரிக்க வைங்க. பின்னேரம் மாலையைத் திரும்பப் போடுறதா இல்லையா எண்டதை அவவே சொல்லுவா.