நாட்டுச் சர்க்கரையும் வீட்டு ஓவனும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே கேக், பன், பிஸ்கட் சுடுவது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. மைதாவும் வெள்ளைச் சர்க்கரையும் கொண்டு எழுதப்பட்ட செய்முறையில், நம் வீட்டில் இருக்கும் நாட்டுச் சர்க்கரையையும் கம்பையும் வெண்ணெயையும் மாற்றிப் போடும்போது பண்டம் கெட்டுவிடுகிறது என்பதே அது. பொருள் மாறினால் அளவும் சூடும் சேர்ந்து மாறவேண்டும். அதை மனத்தில் வைத்தே கீழேயுள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரையில் செய்யும் கேக் எனக்கு நன்றாகவே வருகிறது. அதே அளவில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைப் போட்டால் மேல்புறம் கருகி, நடுவில் குழி விழுந்து, உள்ளே களியைப் போல ஒட்டுகிறது. கோதுமை மாவு 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 200 கிராம், தயிர் ஒரு கப், சமையல் சோடா ஒரு தேக்கரண்டி போட்டு, 190 டிகிரியில் 35 நிமிடம் வைத்தேன். எங்கே தவறு?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. நாட்டுச் சர்க்கரையை வெள்ளைச் சர்க்கரையின் இடத்தில் அப்படியே வைத்ததுதான் காரணம். வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ் என்னும் ஒரே வகைச் சர்க்கரையால் ஆனது. அதில் ஈரம் மிகக் குறைவு. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கிண்டித் தேய்த்து எடுக்கும் நாட்டுச் சர்க்கரையிலோ சுக்ரோஸுடன் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தாது உப்புகளும் ஈரமும் சேர்ந்தே இருக்கின்றன. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்பவை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்து நாட்டுச் சர்க்கரை வாங்கப்படுவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்தப் பஞ்சாமிர்தம் நாள்பட்டாலும் உலர்ந்து போகாமல் குழைவாக இருப்பதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். பஞ்சாமிர்தத்தில் நாம் விரும்புகிற அதே குழைவு, அளவு மிஞ்சும்போது கேக்கின் நடுவில் களியாக நின்றுவிடுகிறது.

மேல்புறம் கருகியதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் வெள்ளைச் சர்க்கரையைவிட விரைவாகச் சிவக்கும். நீங்கள் வைத்த 190 டிகிரியில், உள்மாவு வெந்து நிலைபெறுவதற்கு முன்பே வெளிப்புறம் சிவந்து கருகத் தொடங்கியிருக்கும். இதனுடன் சோடாவும் அதிகம். 200 கிராம் மாவுக்கு, ஒரு கப் தயிர் சேரும்போது, அரைத் தேக்கரண்டி சோடா தாராளமாகப் போதும். ஒரு தேக்கரண்டி போட்டால் மாவு மளமளவென்று பொங்கி, அந்தப் பொங்கலைத் தாங்கும் வலு மாவுக்கு வருவதற்குள் அமுங்கிவிடும்; தயிரின் புளிப்பில் கரையாமல் மிஞ்சும் சோடா நிறத்தை மேலும் கருக்கி, நாவில் சோப்பு வாடையையும் விட்டுச்செல்லும்.

இனி இப்படிச் செய்துபாருங்கள். கோதுமை மாவு 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், அதிகம் புளிக்காத தயிர் 200 கிராம், எண்ணெய் 80 மில்லி, பால் நான்கு மேசைக்கரண்டி, சோடா அரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி கொஞ்சம். கப்பால் அளக்காமல் எடைபோட்டு எடுங்கள். நாட்டுச் சர்க்கரையைக் கப்பில் அழுத்தி நிரப்புவதற்கும் தளர்வாக நிரப்புவதற்கும் இடையே கணிசமான வேறுபாடு வருகிறது, இந்தக் கேக் கெடுவதற்கு அந்த வேறுபாடே போதுமானது. சர்க்கரையைத் தயிரில் முழுதும் கரைத்து, தூசி மணல் போக வடிகட்டி, எண்ணெயும் பாலும் சேர்த்துக் கலக்குங்கள். சலித்த மாவில் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் கலந்து, கடைசியில் சேர்த்து, மாவுக்கோடு மறையும் வரை மட்டுமே கிளறுங்கள். தயிர் பட்டவுடனேயே சோடா பொங்கத் தொடங்கிவிடும் என்பதால், ஓவனை முன்கூட்டியே 165 முதல் 170 டிகிரி வரை சூடாக்கி வைத்திருந்து, கலந்த மாவைத் தாமதிக்காமல் உள்ளே வைக்கவேண்டும். ஏழு அங்குல அச்சுக்கு 40 முதல் 45 நிமிடம் ஆகும். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்கவேண்டாம். மேல்புறம் நிறம் ஏறிவிட்டதே என்று பயந்து வெளியே எடுத்துவிடாதீர்கள். நாட்டுச் சர்க்கரைக் கேக்கில் நிறத்தை நம்பமுடியாது, நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வருவதையே நம்பவேண்டும். என் வீட்டில் இந்தக் கேக்கைச் சுட்ட அன்று நாங்கள் வெட்டுவதில்லை. ஒரு இரவு மூடி வைத்தால் ஈரம் சீராகப் பரவி, மறுநாள் காலைக் காபியோடு சாப்பிட மிகவும் நன்றாக இருக்கிறது.

கேள்வி: முட்டைப் புட்டிங்குக்கு வெல்லம் போட்டால் பால் திரிந்துவிடுகிறது. வெள்ளைச் சர்க்கரைக்கே திரும்பிவிடட்டுமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: வேண்டாம், பொள்ளாச்சியில் இருந்துகொண்டு தேங்காய்ப்பாலை மறக்கலாமா? வெல்லத்தில் இயல்பாகவே சிறிது புளிப்புத் தன்மையும் தாது உப்புகளும் உண்டு. சூடான பாலில் அது சேரும்போது பாலின் புரதம் திரண்டுவிடுகிறது. இரண்டையும் நன்றாக ஆறவைத்துக் கலந்தால் இது பெரும்பாலும் குறையும் என்றாலும், புட்டிங் மறுபடியும் சூட்டில் வேகவேண்டிய பண்டம் என்பதால் முழு உறுதி சொல்லமுடியாது. தேங்காய்ப்பாலில் இந்தத் தொல்லை இல்லை. சந்தகைக்கு (இடியாப்பம் போன்றது) தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து ஊற்றிச் சாப்பிடும் நம் வீடுகளுக்கு இந்தச் சுவை புதிதும் அன்று. இலங்கையில் செய்யப்படும் வட்டிலப்பமும் தேங்காய்ப்பால், வெல்லம், முட்டை ஆகியவற்றைக் கொண்டதுதான். கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, முட்டை ஐந்து, கரைத்து வடிகட்டி ஆறவைத்த வெல்லம் 200 கிராம், ஏலக்காய் என்று எடுத்து, நுரை எழாமல் மெதுவாகக் கலந்து, கிண்ணத்தில் ஊற்றி மூடி, பாதி உயரம் வெந்நீர் நிற்கும் தட்டில் அந்தக் கிண்ணத்தை வைத்து, 160 டிகிரியில் ஏறக்குறைய 50 நிமிடம் வேகவிடுங்கள். நடுப்பகுதி இலேசாக ஆடும்போதே எடுத்துவிடுங்கள், ஆறும்போது இறுகும்.

கேள்வி: கம்பு மாவில் பிஸ்கட் செய்தேன். முதல் முறை அருமையாக வந்தது. இரண்டு வாரம் கழித்து அதே மாவில் செய்தபோது கசந்தது. செய்முறையில் எதையும் மாற்றவில்லை.
– வாசகர், தாராபுரம்

பதில்: அந்த இரண்டு வாரத்தில் உங்கள் மாவு மாறிவிட்டது. கம்பில் கொழுப்பு அரிசி, கோதுமையைக் காட்டிலும் சற்று அதிகம். அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் அதிலேயே இருக்கிறது. தானியம் முழுதாக இருக்கும் வரை இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. மில்லில் அரைபட்ட நொடியில் கலந்துவிடுகின்றன. வெயில் காலத்தில் வெளியே வைத்த கம்பு மாவு சில நாட்களிலேயே சிக்கு வாடை அடித்துக் கசக்கத் தொடங்கும். அக்காலத்தில் கம்பை அன்றன்றைக்கு இடித்துச் சோறாக்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தேவைக்கு மட்டும் அரைத்து, மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அரைக்கும் முன் கம்பை வாசனை வரும்வரை வறுத்தால் அந்த நொதி பெருமளவு செயலிழக்கும், பிஸ்கட்டின் மணமும் கூடும். மாவைப் பிணைக்கும் குளூட்டன் என்னும் புரதம் கம்பில் இல்லாததால் பிஸ்கட் பொலபொலவென்று உதிரும். மூன்று பங்கு கம்புக்கு ஒரு பங்கு கோதுமை மாவு சேர்த்தால் பிடிமானம் கிடைக்கும்.

கேள்வி: ஊத்துக்குளி வெண்ணெயில் பிஸ்கட் செய்தால் ஓவனில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.
– வாசகி, பெருந்துறை

பதில்: கடைந்தெடுத்த வெண்ணெயில் மோரும் நீரும் தங்கியிருக்கும். குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, பிசைந்து, நீரைப் பிழிந்து எடுங்கள். உருட்டிய பிஸ்கட்டுகளை அரைமணி நேரம் குளிரவைத்த பிறகே ஓவனில் வையுங்கள். அந்த வெண்ணெயைக் காய்ச்சி நெய்யாக்கிச் செய்வது இன்னும் நல்லது. 100 கிராம் வெண்ணெய் கேட்கும் இடத்தில் 80 கிராம் நெய் போதும்.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காலை எட்டு மணிக்குள் கிளம்பவேண்டும். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் பேக்கரி தேங்காய் பன் இல்லாமல் காலையில் சாப்பிட மறுக்கிறார்கள். வீட்டிலேயே செய்து கொடுக்க எனக்கு நேரம் கிடைக்குமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கிடைக்கும், வேலையை இரவுக்கும் காலைக்குமாகப் பிரித்துக்கொண்டால். மைதா 300 கிராம், உடனடி ஈஸ்ட் 4 கிராம், உப்பு 5 கிராம், வெதுவெதுப்பான நீர் 170 மில்லி, அந்த நீரில் கரைத்து வடிகட்டிய நாட்டுச் சர்க்கரை 40 கிராம், வெண்ணெய் 30 கிராம். பாலுக்குப் பதிலாக நீரைச் சொல்லியிருப்பதன் காரணம், மேலே பொள்ளாச்சி வாசகிக்கு எழுதிய அதே திரிதல்தான். நீர் விரலுக்கு இதமான சூட்டில், ஏறக்குறைய 40 டிகிரியில், இருக்கட்டும். 60 டிகிரியை எட்டினால் ஈஸ்ட் இறந்துவிடும். பத்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். இழுத்தால் அறுந்துவிடாமல் மெல்லிய ஏடுபோல விரியவேண்டும்.

மாவு இரண்டு மடங்காக உப்பும் நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சித்திரை வெயிலில் முக்கால் மணி நேரத்தில் உப்பிவிடும். மார்கழியில் அதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகலாம். ஆடி மாதத்தில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று நம் வீட்டு ஜன்னல்களில் புகுந்து, திறந்து வைத்த மாவின் மேல் தோல் கட்டச் செய்துவிடுகிறது, அந்தத் தோல் பன் உப்புவதைத் தடுத்து மேற்புறத்தை வெடிக்க வைக்கிறது. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து மூடி வையுங்கள்.

உள்ளே வைப்பதற்கு, ஒப்புட்டுக்கு (போளிக்கு) செய்வோமே, அந்தத் தேங்காய்ப் பூரணத்தையே வையுங்கள். துருவிய தேங்காய் ஒரு மூடி, நாட்டுச் சர்க்கரை 60 கிராம், ஏலக்காய், ஒரு தேக்கரண்டி நெய். ஈரம் வற்றி உருண்டை பிடிக்கும் பதம் வரும்வரை கிளறி, முழுவதும் ஆறவையுங்கள். ஈரமுள்ள பூரணம் பன்னின் அடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வழியும். இரவு ஒன்பது மணிக்கு எட்டு உருண்டைகளாக்கிப் பூரணம் வைத்து மூடி, எண்ணெய் தடவிய தட்டில் சிறிது இடைவெளி விட்டு அடுக்கி, மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்வதால் மாவின் மணமும் கூடுகிறது. காலை ஆறு மணிக்கு எழுந்தவுடன் தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மற்ற வேலைகளைப் பாருங்கள். நாற்பது நிமிடம் கழித்து, 180 டிகிரி சூடான ஓவனில் 18 முதல் 20 நிமிடம். ஏழே கால் மணிக்குப் பிள்ளைகளின் தட்டில் சுடச்சுடப் பன் இருக்கும். முதல் முறை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் செய்துபார்த்து, உங்கள் வீட்டு ஓவனின் போக்கைத் தெரிந்துகொண்ட பிறகு பள்ளி நாளில் தொடங்குங்கள்.

கேள்வி: ஓவன் இல்லை. குக்கரில் கேக் செய்யலாமா?
– வாசகி, அவிநாசி

பதில்: செய்யலாம். மூடியிலிருந்து கேஸ்கட்டையும் விசிலையும் கட்டாயம் எடுத்துவிடவேண்டும். அடியில் ஒரு அங்குலம் உப்பைப் பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்து, பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கி, பிறகு அச்சை வைத்துத் தீயை மிகவும் குறைத்துவிடுங்கள். தினமும் பருப்பு வேகவைக்கும் குக்கரை இதற்குப் பயன்படுத்தவேண்டாம். நீரில்லாத சூட்டில் அதன் உடல் காலப்போக்கில் பழுதாகும். பழைய கனமான பாத்திரமும் சரியாக மூடும் தட்டும் இருந்தால் அதுவே மேல்.

கேள்வி: என் மாமனாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நாட்டுச் சர்க்கரையில் செய்ததுதானே என்று கேக்கில் பெரிய துண்டாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். மறுக்க மனம் வரவில்லை. நாட்டுச் சர்க்கரை அவருக்கு நல்லதுதானா?
– வாசகி, ஈரோடு

பதில்: நல்லதன்று. இந்தக் கடிதத்துக்கு மிகுந்த கவனத்துடன் பதில் எழுதுகிறேன், ஏனெனில் இந்தத் தவறான நம்பிக்கை நம் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கிறது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதாம். நாட்டுச் சர்க்கரையில் உள்ள தாது உப்புகளின் அளவு, நாம் சாப்பிடும் ஒரு துண்டு கேக்கில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குக் குறைத்தால் இன்னும் நன்மை என்றும் சொல்லியிருக்கிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும், தேனும் இந்தக் கணக்கில் அடங்கும். மேலே கோபி வாசகிக்குச் சொன்ன கேக்கைப் பத்துத் துண்டாக்கினால் ஒவ்வொன்றிலும் 15 கிராம் நாட்டுச் சர்க்கரை இருக்கிறது. நோயில்லாதவருக்கே அந்த வரம்பு என்றால், உங்கள் மாமனாருக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

கேட்கிறவருக்கு வெறும் மறுப்பைக் கொடுப்பது வருத்தம் தரும் என்பது உண்மை. எனவே நீங்கள் கேக் சுடும் நாளில் அவருக்கென்று உப்பு ரொட்டி ஒன்றையும் சுடுங்கள். கோதுமை மாவு 200 கிராம், தயிர் 200 கிராம், பால் 60 மில்லி, எண்ணெய் 60 மில்லி, சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி எடுத்து, வதக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, வறுத்த நிலக்கடலை, கொஞ்சம் எள் ஆகியவற்றைக் கலந்து, 180 டிகிரியில் 35 நிமிடம் வேகவையுங்கள். இதிலும் மாவுச்சத்து இருப்பதால் இரண்டு மெல்லிய துண்டுகளுக்கு மேல் வேண்டாம். கேக்கை வெட்டுவதற்கு முன்பே, சூடு ஆறாமல் அவர் தட்டில் வைத்துவிடுங்கள்.