கதவு எண் 153

கேள்வி: நாங்கள் புதிதாகக் குடிவந்திருக்கும் வீட்டின் கதவு எண் 153. கூட்டினால் 9 வருவதால் ரொம்ப ராசி என்கிறார் நாத்தனார். அவர் வீட்டு எண் 136. ராசி இருக்கட்டும், இந்த எண்களுக்குக் கணக்கில் ஏதாவது விசேஷம் உண்டா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ராசியைப் பற்றி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரிடம் கேட்காதீர்கள். ஆனால் 153 என்றால் நாள் முழுக்கப் பேசுவேன்.

அதன் இலக்கங்களின் கனங்களை (5-க்கு 5 × 5 × 5 = 125, இப்படி) கூட்டுங்கள்: 1 + 125 + 27. அதே 153! 1-இலிருந்து 17 வரை கூட்டினாலும் 153தான். யோவான் சுவிசேஷத்தில் பேதுரு கரைக்கு இழுத்த வலையில் இருந்த மீன்களும் 153. அந்த 17-ஐப் பத்துக் கட்டளைகள், பரிசுத்த ஆவியின் ஏழு வரங்கள் என்று பிரித்து விளக்கம் சொன்னவர் புனித அகஸ்டின்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 3-ஆல் வகுபடும் எந்த எண்ணையும் எடுத்து, இலக்கங்களின் கனங்களைக் கூட்டுங்கள். வந்த விடைக்கும் அப்படியே செய்யுங்கள். என் வயது 66. அதிலிருந்து 432, 99, 1458, 702, 351, அப்புறம் 153. எங்கே தொடங்கினாலும் கடைசியில் உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.

ஒருமுறை, ஆசிரியர் வராத வகுப்புக்குப் போனபோது பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தேன். ஒரு பையன் மட்டும், "சார், எனக்கு 371 வருது. அதுக்கு மேல நகரவே மாட்டேங்குது" என்றான். நோட்டைப் பார்க்காமலே, "நடுவில் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறாய்" என்றேன். தேடிப் பார்த்தான். 27-இல் ஏழின் கனத்தை 343 என்று போடாமல் 333 என்று போட்டிருந்தான். அதனால் 351 வரவேண்டிய இடத்தில் 341 வந்து, 92, 737, 713 என்று போய் 371-இல் மாட்டிக்கொண்டது.

எனக்கு எப்படித் தெரிந்தது? ஓர் எண்ணின் கனத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் மீதி எப்போதும் 3-இன் மடங்கு. அது அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கல்தானே! 7-க்கு 343 − 7 = 336, அதாவது 6 × 7 × 8. 3-ஆல் வகுபடும் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினாலும் 3-இன் மடங்குதான் வரும்; இலக்கங்களுக்குப் பதில் கனங்களைக் கூட்டினாலும் அது மாறாது. ஆகவே 3-ஆல் வகுபடும் எண்ணில் தொடங்கினால் வழியில் வரும் எல்லாமே 3-ஆல் வகுபடும். 371 வகுபடாது. பையன் அகப்பட்டுக்கொண்டான்.

இப்படித் தன் இலக்கக் கனங்களின் கூட்டுத்தொகையாகவே இருப்பவை, 1-ஐ விட்டால், நான்கே எண்கள்: 153, 370, 371, 407. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, 1940-இல் வந்த தன் புத்தகத்தில் இந்த நான்கையும் சொல்லிவிட்டு, புதிர்ப் பகுதிகளுக்குத்தான் இவை லாயக்கு, கணிதவியலாளரைக் கவர இதில் ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார். பெரிய மனிதர், சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பையன் மறுநாள் மூன்று பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான்.

சரி, நாத்தனார் வீட்டு 136. 1 + 27 + 216 = 244. அதற்கு 8 + 64 + 64 = 136. மறுபடி 244, மறுபடி 136. காலத்துக்கும் இங்கேயும் அங்கேயும் அலைந்துகொண்டே இருக்கும். இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.