பிளாஸ்டிக்கே போடாத கான்கிரீட்டில் ‘பிளாஸ்டிக்’ விரிசலா?

கேள்வி: சிங்கப்பூரின் தெங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன் ஐயா. காலை 11 மணிக்கு ஸ்லாப் ஊற்றினோம். மாலை 5 மணிக்கு மேலே பிளாஸ்டிக் தாள் விரித்தோம். மறுநாள் பார்த்தால் மெல்லிய விரிசல்கள். அறிக்கையில் ‘பிளாஸ்டிக் ஷ்ரிங்கேஜ் கிராக்’ என்று எழுதியிருக்கிறார்கள். தாளால் வந்த வினை என்று அதை எடுக்கச் சொல்லிவிட்டார் எங்கள் மூத்த கொத்தனார். அதே அறிக்கையில் பிளாஸ்டிசைசர், பிளாஸ்டர் என்றெல்லாம் வருகிறது. எல்லாம் ஒன்றுதானா?

பதில்: முதல் வேலையாகத் தாளைத் திரும்ப விரிக்கச் சொல்லுங்கள், கியூரிங் (கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்து இறுகவிடுவது) இன்னும் முடியவில்லை. விரிசலுக்குத் தாள் காரணமில்லை. தாளை ஆறு மணி நேரம் கழித்து விரித்ததுதான் காரணமாக இருக்கும்.

கிரேக்க மொழியில், பிசைந்து உருவம் கொடுப்பதைச் சொல்லும் ஒரு வினைச்சொல் உண்டு. பிளாஸ்டர், பிளாஸ்டிக் இரண்டுமே அதற்குப் பிறந்தவை. வாளியும் குழாயும் செய்கிற பொருளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, குயவர் கையில் குழைந்த களிமண் ‘பிளாஸ்டிக்’ ஆகத்தான் இருந்தது. கான்கிரீட்டைப் பற்றிப் பேசும்போது பொறியாளர்கள் அந்தப் பழைய பொருளில்தான் சொல்கிறார்கள்: ஊற்றியது முதல் இறுகும்வரை உள்ள குழைவு நிலை. பெருவிரலால் அழுத்தினால் தடம் பதிகிறதா? அப்போது அது ‘பிளாஸ்டிக்’.

தமிழில் குழப்பம் இன்னும் கூடுகிறது. ‘நெகிழிச் சுருக்க விரிசல்’ என்று மொழிபெயர்த்த ஒரு பாதுகாப்புக் குறிப்பை நானே பார்த்திருக்கிறேன். நெகிழி என்றால் நமக்குப் பையும் புட்டியும்தானே நினைவுக்கு வரும்? ‘குழைவுநிலைச் சுருக்க விரிசல்’ என்றால் உங்கள் கொத்தனாருக்குச் சட்டென்று புரியும்.

சரி, அது எப்படி வருகிறது? ஊற்றிய கான்கிரீட்டில் ஜல்லியும் மணலும் கீழே அமர, கொஞ்சம் தண்ணீர் மேலே ஊறி வரும். வெயிலும் காற்றும் அந்தத் தண்ணீரை அது ஊறிவரும் வேகத்தைவிட வேகமாகக் குடித்தால், மேல்தோல் சுருங்கும். இழுவையைத் தாங்கும் பலம் அதற்கு இன்னும் வந்திருக்காது, கிழியும். ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 1 கிலோ தண்ணீர் ஆவியானால் ஆபத்து என்பது அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் பழைய கணக்கு. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் இது வராது என்று நம்பிவிடாதீர்கள். பன்னிரண்டாம் மாடியில் மறைப்பே இல்லாத ஸ்லாபில் மதியக் காற்று அடித்தால் தெரியும். நீங்கள் ஊற்றிய நேரமும் உச்சிவெயில்.

விரிசல்களை ஒருமுறை குனிந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக, சாய்வாக, விளிம்பை எட்டாமல் நின்றால் பெரும்பாலும் இந்த வகை. கம்பி ஓடும் கோட்டிலேயே விரிசலும் ஓடினால் அது வேறு: கான்கிரீட் அமரும்போது கம்பி தடுத்ததால் வந்தது. பெயரில் அதற்கும் ‘பிளாஸ்டிக்’ உண்டு! இரண்டில் எதுவானாலும் சிமெண்டுப் பால் தடவி மறைக்காதீர்கள். ஆழத்தைப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். மெல்லிய ஸ்லாபில் அடிவரை இறங்கியிருக்கவும் கூடும்.

பிளாஸ்டிசைசர் என்பது கலவையில் சேர்க்கும் திரவம். சிமெண்டுத் துகள்கள் தண்ணீர் பட்டதும் கட்டிக்கட்டியாக ஒட்டிக்கொண்டு, நடுவில் தண்ணீரைச் சிறைபிடிக்கும். இந்தத் திரவம் அவற்றைப் பிரித்துவிடுவதால், குறைந்த தண்ணீரிலேயே கலவை இளகி ஓடும். இதைப் போட்டுவிட்டு, லாரிக்காரரிடம் “அண்ணே, கொஞ்சம் தண்ணி விடுங்க” என்றால் போட்ட காசு வீண், பலமும் குறையும். குழாய் ஆலையிலும் பிளாஸ்டிசைசர் என்ற பெயரில் ஒன்று உண்டு. அது பிவிசியை வளையவைக்கும் வேறு சரக்கு. அது சேராத விறைப்பான குழாய்தான் யூபிவிசி. அந்த ‘யூ’வுக்கு அர்த்தமே அதுதான்.

பிளாஸ்டர் நமக்குப் பூச்சு. கிளினிக்கில் காயத்துக்கு ஒட்டுவதும் பிளாஸ்டர்தான். மேலே தடவி ஒட்டுவது என்ற பழைய அர்த்தம் அங்கேயும் மாறவில்லை. ஆனால் தளத்தில் இந்தச் சொல்லைக் கேட்டால் எதனால் ஆன பூச்சு என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். சிமெண்டும் மணலும் சேர்ந்ததா, ஜிப்சமா? ஜிப்சம் ஈரத்தில் ஊறி இளகும். குளியலறைச் சுவருக்குப் போய்விட்டால் டைல்ஸோடு சேர்ந்து கையில் வரும். பிளாஸ்டர்போர்டு என்பதும் இரண்டு காகிதத்துக்கு நடுவில் ஜிப்சம்தான். பச்சைக் காகிதம் போட்டு வருவது பொதுவாக ஈரம் தாங்கும் வகை.

அடுத்த ஸ்லாபை முடிந்தால் மாலையில் ஊற்றுங்கள். காற்று வரும் பக்கம் மறைப்புக் கட்டுங்கள். மட்டம் தட்டி முடித்த பகுதியை, மறுமுனை முடியட்டும் என்று காத்திராமல், அப்போதே தாளால் மூடுங்கள். பெருவிரல் பதியும்போதே மெல்லிய விரிசல் கண்ணில் பட்டால் கரண்டியால் அழுத்தித் தேய்த்து மூடிவிடலாம். அப்புறம், அறிக்கைக்குப் பதில் எழுதும்போது தாள் விரித்த நேரம் 5 மணி என்பதை அப்படியே எழுதுங்கள். பொறியாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.