மூணு ஹோஸ்ட் (விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற சர்வர்) கிளஸ்டர்ல எச்ஏ (ஹை அவைலபிலிட்டி) ஆன் பண்ணா போதுமா, லோட் பேலன்சர் (வர்ற ரிக்வெஸ்ட்ட பல சர்வருக்குப் பிரிச்சுக் குடுக்கிறது) தனியா வேணுமா?

தனியா வேணுங்க. ரெண்டும் வேற வேற வேலை. ஹைப்பர்வைசர்ல (விஎம்ங்கிற விர்ச்சுவல் மெஷின்ங்கள ஹோஸ்ட்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) இருக்கிற எச்ஏ என்ன பண்ணும்னா, ஒரு ஹோஸ்ட் செத்துப்போச்சுன்னா அதுல ஓடிட்டிருந்த விஎம்ம இன்னொரு ஹோஸ்ட்ல திரும்ப பூட் பண்ணும், அவ்ளோதான். பூட் ஆகி சர்வீஸ் எல்லாம் எழுந்து வர்ற வரைக்கும் அந்த விஎம் டவுன்தான். பிராக்ஸ்மாக்ஸ்ங்கிற ஹைப்பர்வைசர்ல, கோரம் (கிளஸ்டர்ல பாதிக்கு மேல ஓட்டு) போன நோட, அதாவது ஹோஸ்ட்ட, வாட்ச்டாக் டைமர் 60 செகண்ட்ல ரீசெட் பண்ணிடும், மத்த நோடுங்க அது உறுதியாகுற வரைக்கும் காத்திருந்துதான் விஎம்ம எடுக்கும், எல்லாம் சேத்து ரெண்டு நிமிஷம் கிட்ட ஆகும். இந்தக் காத்திருப்பு ரொம்ப முக்கியம், ஏன்னா ஒரே விஎம் ரெண்டு இடத்துல ஓடி ஒரே டிஸ்க்ல எழுத ஆரம்பிச்சா டேட்டா மொத்தமும் நாசம். டிஸ்க் ஷேர்டு ஸ்டோரேஜ்லயோ செஃப் (பல ஹோஸ்ட்ல டேட்டாவ நகலெடுத்து வைக்கிற ஸ்டோரேஜ்) மாதிரி ஒண்ணுலயோ இருக்கணும்கிறதையும் பாத்துக்கோங்க, லோக்கல் டிஸ்க்ல மட்டும் இருந்தா அந்த ஹோஸ்ட்டோட சேந்து அதுவும் போயிடும்.

விஎம்வேர்ல டிஆர்எஸ் இருக்கே, அது லோட் பேலன்சிங் தானேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. டிஆர்எஸ் விஎம்ங்கள ஹோஸ்ட்டுக்கு ஹோஸ்ட் நகத்தும், வர்ற ரிக்வெஸ்ட்ட பிரிச்சுக் குடுக்காது. அதுக்கு அப்ளிகேஷன ரெண்டு விஎம்லயாவது ஓட விட்டு, முன்னாடி எச்ஏபிராக்ஸிங்கிற லோட் பேலன்சர் வைக்கணும். அந்த எச்ஏபிராக்ஸியும் ஒண்ணே ஒண்ணா இருந்தா அது போனா எல்லாமே போயிடும், அதனால அதுவும் ரெண்டு, ரெண்டுலயும் கீப்அலைவ்டி (ஒண்ணு போனா ஐபிய இன்னொண்ணுக்கு மாத்துற புரோகிராம்), அதுக்கு ஒரு விர்ச்சுவல் ஐபி. கீப்அலைவ்டி பயன்படுத்துற விஆர்ஆர்பி புரோட்டோகால் டிஃபால்ட்டா செகண்டுக்கு ஒரு அட்வர்டைஸ்மென்ட் (உயிரோட இருக்கேன்ங்கிற செய்தி) அனுப்பும், மூணு செகண்டுக்கு மேல கொஞ்ச நேரம் வரலேன்னா பேக்கப் அந்த ஐபிய எடுத்துக்கும். ரெண்டு நிமிஷம் எங்க, நாலு செகண்ட் எங்க பாருங்க.

இங்கதான் நிறைய பேர் ஒரு விஷயத்த விட்டுடுறாங்க. கீப்அலைவ்டி பாக்குறது எதிர்ல இருக்கிற கீப்அலைவ்டி உயிரோட இருக்கான்னு மட்டும்தான், எச்ஏபிராக்ஸி ப்ராசஸ் க்ராஷ் ஆனது அதுக்குத் தெரியாது, ஐபி செத்த பாக்ஸ்லயே உக்காந்திருக்கும், அதனால விஆர்ஆர்பி ஸ்க்ரிப்ட் எழுதி எச்ஏபிராக்ஸிய ட்ராக் பண்ண வைங்க. அதே கதைதான் பின்னாடி இருக்கிற சர்வருக்கும். வெறும் செக்னு மட்டும் போட்டா எச்ஏபிராக்ஸி டிசிபி போர்ட் திறந்திருக்கான்னு பாத்துட்டு ஓகேன்னு விட்டுடும், டேட்டாபேஸ் கனெக்‌ஷன் போய் அப்ளிகேஷன் எல்லாருக்கும் 500 எரர் குடுத்துட்டிருந்தாலும் ட்ராஃபிக் போய்க்கிட்டே இருக்கும். எச்டிடிபி செக் போட்டு, ஒரு ஹெல்த் பேஜ் வச்சு, அத பாக்க வைங்க. டிஃபால்ட் 2 செகண்டுக்கு ஒருதரம், 3 தடவ ஃபெயில் ஆனா வெளிய எடுக்கும், 2 தடவ ஓகே ஆனா திரும்ப உள்ள எடுக்கும், பெரும்பாலான இடத்துக்கு அதுவே போதும்.

அடுத்து, ரெண்டு எச்ஏபிராக்ஸி விஎம்மும் ஒரே ஹோஸ்ட்ல உக்காந்திருந்தா இவ்ளோ பண்ணதுக்கும் அர்த்தமே இல்ல. ஆரம்பத்துல பிரிச்சு வச்சா மட்டும் பத்தாது, டிஆர்எஸ்ஸோ மெயின்டனன்ஸ் மோடோ ஒருநாள் ரெண்டையும் ஒண்ணா கொண்டுபோய் வச்சிடும். அதனால ஆன்டி அஃபினிட்டி ரூல் (இந்த ரெண்டு விஎம்மும் ஒரே ஹோஸ்ட்ல இருக்கக்கூடாதுங்கிற ரூல்) கட்டாயம் போடுங்க. பிராக்ஸ்மாக்ஸ்ல 9.0ல இருந்து எச்ஏ ரூல்ஸ்லயே இது இருக்கு. அப்ளிகேஷன் விஎம்ங்களுக்கும் இதே ரூல்.

கெப்பாசிட்டி கணக்கு நான் ரொம்ப கண்டிப்பா சொல்ற விஷயம். மூணு ஹோஸ்ட்டும் ஒரே சைஸ்னு வைங்க, ஒவ்வொண்ணுலயும் மெமரி 66 சதவீதம் ஓடுதுன்னா ஒண்ணு போனதும் மிச்ச ரெண்டும் 99ல நிக்கும். சிபியூவ பங்கு போட்டா ஸ்லோ ஆகும், அவ்ளோதான், ஆனா மெமரி பத்தலேன்னா விஎம் எழும்பாமலேயே போயிடலாம். 60ஐ தாண்ட விடாதீங்க. விஎம்வேர்ல அட்மிஷன் கன்ட்ரோல் இந்தக் காலி இடத்த உங்களுக்காக பிடிச்சு வைக்கும், புது விஎம் ஆன் ஆக மாட்டேங்குதுன்னு எரிச்சல்ல அத ஆஃப் பண்ணிடாதீங்க.

நோட் எண்ணிக்கை மூணுன்னு வச்சிருக்கீங்க, நல்லது. ரெண்டு நோட்னா ஒண்ணு போனதும் மிச்சம் பாதிதான், கோரமுக்கு பாதிக்கு மேல வேணும், அப்ப வெளிய ஒரு கியூடிவைஸ் (ஓட்டு மட்டும் போடுற தனி மெஷின்) வைக்க வேண்டியிருக்கும். கோரோசிங்க் (நோடுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற புரோகிராம்) ட்ராஃபிக்க ஸ்டோரேஜ் ட்ராஃபிக்கோட ஒரே கேபிள்ல விடாதீங்க, பேக்கப் ஓடுறப்ப லேட்டன்சி ஏறி, நல்லா இருக்கிற நோடே கோரம் இழந்து ரீபூட் ஆகும். ரெண்டு லிங்க் குடுங்க.

டேட்டாபேஸ் இதுல சேராது. அத எச்ஏபிராக்ஸிக்குப் பின்னாடி ரெண்டா வச்சா ஆயிடாது, ரெப்ளிகேஷனும் யாரு ப்ரைமரின்னு முடிவு பண்ற ஏற்பாடும் தனியா வேணும். லாகின் செஷனையும் விஎம் மெமரில வைக்காம ரெடிஸ் மாதிரி தனி டேட்டா ஸ்டோர்ல வைங்க.

எல்லாம் முடிஞ்சதும் டெஸ்ட் பண்றப்ப ஷட்டவுன் கமாண்ட் குடுக்காதீங்க, அது ஒழுங்கா சொல்லிட்டுப் போற மாதிரி, எல்லாம் அழகா நகந்துடும். பவர் கேபிள உருவுங்க. இன்னொரு தடவ பவர் இருக்கட்டும், நெட்வொர்க் கேபிள மட்டும் உருவுங்க, ஃபென்சிங் (தொடர்பு போன நோட ரீசெட் பண்ணி ஒதுக்கி வைக்கிறது) நிஜமாவே வேலை செய்யுதான்னு அப்பதான் தெரியும். வெளிய ஒரு மெஷின்ல இருந்து விர்ச்சுவல் ஐபிக்கு கர்ல் கமாண்டால திரும்பத் திரும்ப ரிக்வெஸ்ட் அனுப்புற லூப் ஓட விட்டு, எத்தன ரிக்வெஸ்ட் விழுந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க.