கேளுங்க சொல்றேன்: டீம்ல யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க

கேள்வி: டீம் லீட் ஆகி ஒரு வருஷம் ஆகப்போகுது சார். எப்ப வேணா என்கிட்ட வந்து பேசலாம்னு முதல் நாளே சொல்லிட்டேன், கோவப்படற ஆளும் இல்ல. ஆனா இந்த தடவை 360 டிகிரி ஃபீட்பேக்ல, அதான் பேர் போடாம எழுதுவாங்களே, அதுல மூணு பேர் "இவர்கிட்ட பிரச்சனைய சொல்லவே தயக்கமா இருக்கு"னு எழுதியிருக்காங்க. மீட்டிங்ல டவுட் இருக்கானு கேட்டா எல்லாரும் கம்முனு இருக்காங்க. நான் என்ன தப்பு பண்றேன்னே புரியல.
(பேர் வேணாம்னு சொன்ன வாசகர்)

பதில்: முதல்ல அந்த மூணு பேர் யாருன்னு கண்டுபிடிக்கற ஆராய்ச்சிய இன்னியோட விடுங்க. விடலைன்னா அடுத்த வருஷம் எல்லாரும் "ரொம்ப நல்ல மனுஷன்"னு எழுதிட்டு போயிடுவாங்க, உங்களுக்கும் சந்தோஷமா இருக்கும், ஆனா டீம்ல என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியாது.

நீங்க புரியலன்னு சொல்றதை நான் நம்பறேன். 1955ல ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்கம்னு ரெண்டு அமெரிக்க சைக்காலஜிஸ்டுங்க நாலு கட்டம் போட்டு ஒரு விஷயம் சொன்னாங்க, அவங்க பேரை ஒட்டியே அதுக்கு ஜோஹாரி ஜன்னல்னு பேரு. அதுல ஒரு கட்டம், நம்மளப் பத்தி மத்தவங்களுக்கு தெரியும், நமக்கு தெரியாது. எவ்ளோ நேரம் தனியா உக்காந்து யோசிச்சாலும் அந்தக் கட்டம் திறக்காது, எதிர்ல இருக்கறவங்க சொன்னாதான் உண்டு, அவங்க அப்ரைசலே உங்க கையில இருக்கும்போது எப்படிங்க சொல்லுவாங்க?

அதனால "நான் கோவப்படற ஆள் இல்ல"ங்கறதை கொஞ்ச நாள் தள்ளி வைங்க. ஒருத்தர் வந்து "சொன்ன தேதிக்கு முடியாது போலருக்கு"ன்னா உங்க வாய்லேர்ந்து முதல்ல என்ன வருது? "இத ஏன் முன்னாடியே சொல்லல"ன்னா? கேள்வி நியாயம்தான், ஆனா அவருக்கு அது சொன்னதுக்கு கிடைச்ச தண்டனையாதான் தெரியும், அடுத்த தடவை இன்னும் நாலு நாள் தள்ளி சொல்வாரு, இல்ல சொல்லவே மாட்டாரு. ஒரு பெருமூச்சு, பேசிட்டிருக்கும்போதே மொபைலைப் பாக்கறது, பாதியிலயே "ம்ம் தெரியும் தெரியும்", இதெல்லாமும் அதே கணக்குலதான் சேரும். கத்தினாதான் கோவம்னு இல்ல.

ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்ட் பேராசிரியை, ஆரம்பத்துல ஆஸ்பத்திரி டீம்கள்ல மருந்து குடுக்கறதுல நடக்கற தப்புகளை ஆராய்ச்சி பண்ணாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு நெனச்சாங்க, கணக்கு பாத்தா தலைகீழ், நல்லா நடக்கற டீம்லதான் தப்பு அதிகமா பதிவாகி இருந்துச்சு. அங்க தப்பு அதிகமா நடந்துச்சுன்னு இல்ல, நடந்ததை பயமில்லாம வெளிய சொன்னாங்க, அவ்ளோதான். இதுலேர்ந்து நீங்க எடுத்துக்க வேண்டியது: பிரச்சனையே வராத டீம்னு பெருமைப்படாதீங்க, கெட்ட செய்தி உங்க காதுக்கு எத்தனை நாள் லேட்டா வருதுன்னு பாருங்க. உங்களப் பத்தி அதைவிட நேர்மையா எந்த ஃபார்மும் சொல்லாது.

இனிமே யாராவது கெட்ட செய்தி கொண்டு வந்தா முதல் வார்த்தை "சொன்னது நல்லதாப் போச்சு, இப்ப என்ன பண்ணலாம்"னு இருக்கட்டும். ஏன் லேட்டுங்கறதை வேலை முடிஞ்சப்புறம் பேசிக்கலாம். மீட்டிங்ல பொதுவா "டவுட் இருக்கா"ன்னு கேக்காதீங்க, அதுக்கு உலகம் பூரா இல்லைன்னுதான் பதில். "இந்த ப்ளான்ல எந்த இடத்துல சொதப்பும்னு தோணுது"ன்னு கேளுங்க, நீங்க உங்க கருத்தை கடைசியா சொல்லுங்க. ஒன் டூ ஒன்ல "நான் எப்படி"ன்னு கேட்டா பாவம் அவங்க என்ன சொல்லுவாங்க, "போன ரிவ்யூல நான் நடந்துக்கிட்டதுல ஒண்ணை மாத்தணும்னா எதை"ன்னு கேளுங்க. பதில் வந்ததும் விளக்கம் குடுக்க வாய் துறுதுறுங்கும், குடுக்காதீங்க. எழுதி வெச்சுக்கிட்டு அதுல ஒண்ணை எல்லாருக்கும் தெரியற மாதிரி மாத்திக் காட்டுங்க. பேச்சு தானா வரும், ஆனா ஒரு மாசத்துல வந்துடும்னு எதிர்பாக்காதீங்க.

கேள்வி: வேலைய பிரிச்சு குடுத்தா திருத்தறதுக்கே பாதி நாள் போகுது. நானே செஞ்சா சீக்கிரம் முடியுது. குடுக்கவும் முடியல, வெச்சுக்கவும் முடியல!

பதில்: இன்னிக்கு சீக்கிரம் முடியும், அடுத்த வருஷமும் அதே வேலைய நீங்கதான் செஞ்சிட்டிருப்பீங்க. 1969லயே ஹெர்சி, ப்ளான்சார்ட்னு ரெண்டு பேர் சொன்னது, ஆளோட பக்குவத்தைப் பொறுத்து நாம நடத்தற விதமும் மாறணும்னு. நான் இதுல சேத்துக்கறது, ஆளை மட்டும் பாக்காம வேலையையும் பாருங்க. பத்து வருஷ அனுபவசாலியும் புது வேலைல புதுசுதான், அவருக்கு பக்கத்துல உக்காந்து சொல்லணும், அவரே பழகின வேலைல நீங்க எட்டிக்கூட பாக்கக் கூடாது. நிறைய லீடருங்க இதை அப்படியே மாத்தி செய்றாங்க. அப்புறம், குடுக்கும்போதே முடிஞ்ச வேலை எப்படி இருக்கணும், எதை அவரே முடிவு பண்ணலாம், எதுக்கு உங்களைக் கேக்கணும்னு சொல்லிடுங்க. திருத்தறதுல பாதி நீங்க சொல்லாம விட்டதாதான் இருக்கும்.

கேள்வி: கூட வேலை பாத்த ஃப்ரெண்டுக்கே இப்ப நான் மேனேஜர். அவன் வேலை சரியில்ல. எப்படி சொல்றது?

பதில்: தனியா, சீக்கிரமா, வேலையப் பத்தி மட்டும் சொல்லுங்க. 1996ல க்ளூகர், டெனிசின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பாத்தப்ப, ஃபீட்பேக் குடுத்ததுல மூணுல ஒரு பங்குக்கு மேல வேலை இன்னும் மோசமாத்தான் ஆகியிருக்கு. வேலையிலேர்ந்து கவனம் "நான் எப்படிப்பட்டவன்"ங்கறதுக்கு திரும்பினா ஃபீட்பேக் எடுபடறதில்லன்னு அவங்க விளக்கம். "நீ இப்பல்லாம் பொறுப்பா இல்லடா"ன்னு ஆரம்பிச்சா நட்பும் போச்சு வேலையும் போச்சு. "இந்த ரெண்டு ரிப்போர்ட்லயும் நம்பர் தப்பு, என்ன ஆச்சு"ன்னு கேட்டுட்டு அப்புறம் நீங்க பேசாதீங்க, அவர் பேசட்டும். நடுவுல ரெண்டு பாராட்டை சொருகி பூசி மெழுகறது எனக்கு சுத்தமா பிடிக்காது, கேக்கறவருக்கு எது முக்கியம்னே தெரியாது.

கேள்வி: ஆபீஸ்ல நாலு எழுத்து வர்ற பர்சனாலிட்டி டெஸ்ட் எடுத்தோம். அதை நம்பி என்னை மாத்திக்கலாமா?

பதில்: பேச ஆரம்பிக்க உதவும், அவ்ளோதான். சில வாரம் கழிச்சு திரும்ப எழுதினா நிறைய பேருக்கு வேற டைப் வருது.

கேள்வி: தினமும் டைரி எழுதினா நம்மள நாமே புரிஞ்சுக்கலாம்ங்கறாங்களே?

பதில்: தினமும் எழுதறவங்களைப் பாத்தா பொறாமையா இருக்கு. உங்களால முடியலைன்னா மேனேஜ்மென்ட் அறிஞர் பீட்டர் ட்ரக்கர் சொன்னதை செய்ங்க, பெரிய முடிவு எடுக்கும்போது மட்டும் இதுல என்ன நடக்கும்னு எதிர்பாக்கறீங்கன்னு ரெண்டு வரி எழுதி வெச்சிட்டு ஒன்பது மாசமோ ஒரு வருஷமோ கழிச்சு எடுத்துப் பாருங்க. யாரை வேலைக்கு எடுத்தீங்க, எந்த டெட்லைனுக்கு தலையாட்டினீங்க, எல்லாத்துக்கும். எழுதி வெக்கலைன்னா "எனக்கு அப்பவே தெரியும்"னு நம்ம மூளையே நம்மகிட்ட பொய் சொல்லும், எழுதினதை ஒண்ணும் பண்ண முடியாது.